கயிற்றில் இறங்கத் தெரிந்தால் போதுமா? யூட்டா மலையிடுக்குகளுக்குப் புதிதாகச் செல்ல விரும்புவோரின் ஐயங்கள்

கேள்வி: புதுவழியான்

அனைவருக்கும் வணக்கம். நான் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் உள்ள சால்ட் லேக் சிட்டியில் வசிக்கிறேன். நானும் என்னுடன் பணிபுரியும் மூவரும் இரண்டு ஆண்டுகளாக உள்ளரங்கில் செயற்கைச் சுவர் ஏறிப் பழகி வருகிறோம். ஹார்னஸ் எனும் இடுப்பு வார்ப்பட்டை அணிவது, எட்டு வடிவ முடிச்சுப் போடுவது, மேலே ஏறுபவருக்குக் கீழே நின்று கயிறு பிடிப்பது ஆகியவை எங்களுக்குக் கைவந்தவை. கடந்த ஜூன் மாதத்தில் ஸயன் தேசியப் பூங்காவுக்குச் சென்று, ஆற்று நீருக்குள்ளேயே நடந்து செல்லும் 'நாரோஸ்' பாதையில் சில மைல் தூரம் போய்த் திரும்பினோம். இருபுறமும் செங்குத்தாக எழுந்த செம்பாறைச் சுவர்களுக்கு நடுவே வானம் ஒரு ரிப்பன் அளவுக்குச் சுருங்கித் தெரிந்த அந்த இடத்தை விட்டு வர எங்களில் எவருக்கும் மனமில்லை.

அதே பூங்காவில் கயிறு கட்டி இறங்கினால் மட்டுமே கடக்கக்கூடிய 'பைன் கிரீக்' போன்ற குறுகலான மலையிடுக்குகள் இருப்பதாக அறிந்தோம். சாலையோரத்திலேயே தொடங்கிச் சாலையோரத்திலேயே முடிவது, அரை நாளில் முடித்துவிடலாம் என்பது ஆகியவற்றைப் பார்த்து, செப்டம்பர் முதல் வார விடுமுறையில் அங்குச் செல்லலாம் என்று திட்டமிட்டிருக்கிறோம். நண்பர் ஒருவர் 60 மீட்டர் நீளக் கயிறு ஒன்றை வாங்கிவிட்டார். கயிற்றில் இறங்கும் முறையைக் காணொளிகளில் பலமுறை பார்த்துவிட்டோம். சுவர் ஏறத் தெரிந்த எங்களுக்கு இறங்குவது அதைவிட எளிதாகவே இருக்கும் என்று தோன்றுகிறது.

இதற்கென்று தனியாகப் பயிற்சி வகுப்புக்குச் செல்வது கட்டாயமா, நாங்கள் வாங்கிய கயிறு போதுமானதா, கயிற்று வேலையைத் தவிர வேறு எதைக் கற்க வேண்டும் என்பவற்றை அனுபவமுள்ளவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

மறுமொழி: செம்பாறை

நண்பருக்கு வணக்கம். பதினோரு ஆண்டுகளாக யூட்டாவின் தென்பகுதியில் இவ்விடுக்குகளில் இறங்கி வருபவன் என்ற முறையில் எழுதுகிறேன். இறங்குவது ஏறுவதைவிட எளிது என்று நீங்கள் எழுதியிருப்பது உடலுழைப்பைப் பொறுத்தவரை உண்மைதான். ஆனால் உங்கள் திட்டம் முழுவதும் அந்த ஒரு வாக்கியத்தின் மீது நிற்பதால் அதிலிருந்தே தொடங்குகிறேன்.

உள்ளரங்கில் உங்களுக்குக் களைப்பு ஏற்பட்டால் கயிற்றில் அமர்ந்துகொள்வீர்கள். கீழே நிற்பவர் மெதுவாக இறக்கிவிடுவார். புறப்பட்ட இடத்திலேயே வந்து நிற்பீர்கள். மலையிடுக்கில் அப்படியில்லை. கயிற்றின் நடுப்பகுதியை மேலே உள்ள வளையத்தில் கோத்து, குழுவில் உள்ள அனைவரும் இறங்கிய பிறகு, அடுத்த இறக்கத்துக்கு அதே கயிறு தேவைப்படுவதால் அதைக் கீழிருந்து இழுத்து உருவிவிடுகிறோம். கயிற்றின் நுனி வளையத்தை விட்டு விழும் அந்த நொடியோடு பின்வாங்கும் வழி மூடிவிடுகிறது. பின்னால் ஏற முடியாத சுவர், முன்னால் இன்னும் பார்க்காத இறக்கங்கள். வெளியேறும் வழி முன்னோக்கி மட்டுமே. ஆகவே இக்கலையைப் பழகியவர்கள் ஒவ்வொரு முறை கயிற்றை உருவுவதற்கு முன்பும், அடுத்த இறக்கத்துக்குக் கயிறு நீளம் போதுமா, ஒருவருக்கும் அடிபடவில்லையா, பொழுது இருக்கிறதா, வானம் எப்படி இருக்கிறது என்று ஒரு நிமிடம் நின்று கேட்டுக்கொள்வார்கள். புதிதாக வருபவர் முதலில் பழகவேண்டியது இந்த ஒரு நிமிடத்தைத்தான் என்பது என் கருத்து.

அடுத்தது ஆங்கர், அதாவது கயிற்றைத் தாங்கும் பிடிப்பு. உள்ளரங்கில் யாரோ ஒருவர் பொருத்திச் சோதித்துப் பராமரிக்கும் இரும்புப் பிடிப்பில் நீங்கள் தொங்குகிறீர்கள். இங்கே பல இடங்களில் அது ஒரு மரமாகவோ, இரு சுவர்களுக்கு நடுவே சிக்கிய பாறையாகவோ, மணலில் புதைத்து மேலே கல் அடுக்கிய ஒரு கட்டையாகவோ இருக்கும். அதைச் சுற்றி நைலான் பட்டை கட்டி, அதில் ஒரு எஃகு வளையம் மாட்டியிருப்பார்கள். முன்னே சென்றவர்கள் விட்டுப்போன பட்டையை அப்படியே நம்பிவிடக் கூடாது. பட்டை முழுவதையும் விரலால் தடவிக்கொண்டே பாறையின் பின்புறம் வரை செல்லுங்கள். கண்ணுக்குத் தெரியும் முன்பக்கம் புதிதுபோல் இருக்கும், பாறை விளிம்பில் உரசும் பின்பக்கம் பாதி அறுந்திருக்கும். வெயிலில் நிறம் வெளுத்து, வளைத்தால் அப்பளம்போல் விறைத்து நிற்கும் பட்டை என்றால் அதை அறுத்துப் பையில் போட்டுக்கொண்டு புதியதைக் கட்டுங்கள். முடிச்சுக்கு வெளியே மிச்சமிருக்கும் வால் மூன்று அங்குலத்துக்குக் குறையக் கூடாது. ஐயத்துக்குரிய பிடிப்பாக இருந்தால், எடை மிகுந்தவரை முதலில் இறக்குவோம். அப்போது பிடிப்புக்குத் துணையாக வேறொரு பிடிப்பையும் தளர்வாகக் கட்டி வைப்போம். முதல் பிடிப்பு அசையவே இல்லை என்பதைக் கண்ணால் பார்த்த பின்பு துணையை அவிழ்த்துவிட்டு, எடை குறைந்தவர் கடைசியாக இறங்குவார். இந்த வரிசை தலைகீழானால் சோதனைக்கே பொருளில்லை.

கயிற்றைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். சுவர் ஏறுபவர்கள் வாங்கும் கடையில் வாங்கியது என்றால் அது பெரும்பாலும் இழுபடும் தன்மையுள்ள டைனமிக் கயிறாக இருக்கும். விழுபவரைத் தாங்கும்போது நீண்டு கொடுப்பதற்காகவே அது அவ்வாறு செய்யப்படுகிறது. மலையிடுக்கில் நாம் விழுவதில்லை, தொங்கி இறங்குகிறோம். ஒவ்வொரு அசைவுக்கும் நீண்டு சுருங்கும் கயிறு, உப்புத்தாள் போன்ற மணற்கல் விளிம்பின் மேல் ரம்பம்போல் முன்னும் பின்னும் உரசி அறுபடும். தண்ணீரையும் குடித்துக் கனத்துவிடும். இங்கே தேவைப்படுவது நீளாத ஸ்டாட்டிக் கயிறு. பெரும்பாலோர் 8 முதல் 9 மில்லிமீட்டர் வரை தடிமனுள்ளதைப் பயன்படுத்துகிறார்கள். நீளத்தைப் பொறுத்தவரை, மிக நீண்ட இறக்கத்தைப் போல் இரு மடங்கு என்பது அடிப்படைக் கணக்கு. பைன் கிரீக்கின் கடைசி இறக்கம் ஏறத்தாழ 100 அடி. அதன் பெரும்பகுதியில் காலுக்குச் சுவரே கிடைக்காமல் அந்தரத்தில் தொங்கி வரவேண்டும். 60 மீட்டர் என்பது 200 அடிக்குச் சற்றுக் குறைவு. கணக்குப் போட்டுப் பாருங்கள்.

இனி, தரவரிசை. அமெரிக்காவில் ஓர் இடுக்கை 3பி என்றோ 4ஏ என்றோ குறிப்பிடுவார்கள். எண் 1 என்றால் நடந்தே செல்லலாம். 2 என்றால் கையூன்றி ஏறி இறங்க வேண்டியிருக்கும். 3 என்றால் கயிறு தேவை. 4 என்றால் கயிற்று வேலையே சிக்கலானதாக இருக்கும். எழுத்து தண்ணீரைக் குறிப்பது. ஏ என்பது வறண்டதும் இடுப்புக்குக் கீழான நீர் உள்ளதும். பி என்பது நீந்த வேண்டிய, ஆனால் ஓட்டமில்லாத நீர். சி என்பது ஓட்டமுள்ள நீர். அதற்குப் பின் வரும் ரோமன் எண் ஆகக்கூடிய நேரத்தைச் சொல்லும். பைன் கிரீக் 3பி. நீங்கள் சென்று வந்த நாரோஸ் பாதையில் கயிற்றுக்கு வேலையே இல்லை. ஆகவே உங்கள் அனுபவத்துக்கும் உங்கள் திட்டத்துக்கும் நடுவே பல படிகள் விடுபட்டிருக்கின்றன.

பயிற்சி கட்டாயமா என்றால், சட்டப்படி கட்டாயமில்லை. எனினும் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள்: ஸயன் பூங்காவின் மலையிடுக்குகளுக்குள் கட்டண வழிகாட்டிகள் அழைத்துச் செல்ல அனுமதி கிடையாது. பூங்கா தரும் அனுமதிச் சீட்டுடன் உள்ளே செல்பவர் தமக்குத் தாமே பொறுப்பு. வழிகாட்டிகள் பூங்காவுக்கு வெளியே உள்ள இடங்களில் கற்றுத் தருகிறார்கள்; மோவாப், எஸ்கலான்டே, கனாப் ஆகிய ஊர்ப்பக்கங்களிலும் இத்தகைய வகுப்புகள் உண்டு.

மறுமொழி: கார்முகில்

செம்பாறை அவர்கள் பாறையையும் கயிற்றையும் பற்றி எழுதிவிட்டதால், நான் உங்கள் திட்டத்தில் உள்ள 'செப்டம்பர் முதல் வாரம்' என்ற மூன்று சொற்களைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

அப்பகுதியில் ஜூலை நடுவிலிருந்து செப்டம்பர் வரை பருவமழைக் காலம். நம் ஊர் மழையைப் போல் ஊரெல்லாம் மூடிப் பெய்யும் மழை அன்று. பிற்பகலில் ஓரிடத்தில் மட்டும் திரண்டு, அரை மணி நேரத்தில் கொட்டித் தீர்த்துவிட்டுக் கலைந்துவிடும் இடிமழை. சுற்றிலும் இருப்பது நீரை உறிஞ்சாத வழவழப்பான பாறைப் பரப்பு என்பதால், பல சதுர மைல் பரப்பில் விழுந்த மழை முழுவதும் சரிந்து ஓடி, புனலின் கழுத்துக்குள் பாய்வதுபோல் இந்த இடுக்குகளுக்குள்தான் இறங்குகிறது. இடுக்குகள் உருவானதே அப்படித்தான். டைனோசர்கள் வாழ்ந்த ஜுராசிக் காலத்து மணல்மேடுகள் இறுகி நவாஹோ மணற்கல்லாக மாறின; அதில் ஏற்பட்ட விரிசல்களை வெள்ளம் மணலும் கல்லும் கொண்டு அரைத்து அரைத்து ஆழமாக்கியது. நீங்கள் கண்டு மயங்கிய அந்தச் சுவர்களின் நெளிவு ஒவ்வொன்றும் வெள்ளம் தடவிச் சென்ற இடம். அடுத்த முறை செல்லும்போது அண்ணாந்து பாருங்கள்: தலைக்கு மேல் இருபது முப்பது அடி உயரத்தில், இரு சுவர்களுக்கும் குறுக்கே ஒரு முழு மரம் சிக்கிக் கிடக்கும். அதை அங்கே யாரும் கொண்டுபோய் வைக்கவில்லை.

உங்கள் தலைக்கு மேல் வானம் நீலமாக இருப்பது எதற்கும் உறுதியாகாது. 1997 ஆகஸ்ட் 12 அன்று அரிசோனாவில் உள்ள கீழ் ஆன்டலோப் இடுக்கில் 11 பேர் உயிரிழந்தார்கள். அவர்கள் நின்ற இடத்தில் மழையே இல்லை என்று சொல்லும் அளவுக்குத்தான் இருந்தது. மழை பெய்தது பல மைல்களுக்கு அப்பால், நீர்வரத்துப் பகுதியில். பின்னர் 2015 செப்டம்பர் 14 அன்று ஸயன் பூங்காவின் 'கீஹோல்' இடுக்கில் நால்வர் ஆண்களும் மூவர் பெண்களுமாக எழுவர் கொண்ட ஒரு குழு முழுவதும் வெள்ளத்தில் இறந்தது. அதே நாளில் அருகிலுள்ள ஹில்டேல் ஊரில் வாகனங்களில் இருந்த பெண்களும் குழந்தைகளும் அடித்துச் செல்லப்பட்டார்கள். கீஹோல் மிகச் சிறிய இடுக்கு. அதன் இறக்கங்களும் குட்டையானவை. புதிதாகத் தொடங்குவோருக்கு ஏற்றது என்று பலர் பரிந்துரைப்பது. அந்த எழுவரும் முறைப்படி அனுமதிச் சீட்டு வாங்கியவர்கள்தாம். சீட்டு என்பது பூங்காவின் கூட்டநெரிசலைக் கட்டுப்படுத்தும் கணக்கே தவிர, அன்றைய வானத்துக்கு எவரும் தரும் உத்தரவாதம் அன்று.

தேசிய வானிலைச் சேவை ஸயன் பகுதிக்கென்று திடீர் வெள்ள வாய்ப்பை நான்கு நிலைகளாக அறிவிக்கிறது. எதிர்பார்க்கப்படவில்லை, வரக்கூடும், வருவதற்கான வாய்ப்பு மிகுதி, எதிர்பார்க்கப்படுகிறது என்பவையே அவை. 'வரக்கூடும்' என்ற இரண்டாம் நிலையிலேயே புதியவர்கள் காரைத் திருப்பிக்கொள்ள வேண்டும் என்பது என் உறுதியான நிலைப்பாடு. இதை மிகையான அச்சம் என்பவர்களும் உண்டு, சொல்லிவிட்டுப் போகட்டும். தெளிந்த நீர் கலங்குவது, சுள்ளிகள் மிதந்து வருவது, மேலிருந்து இரைச்சல் கேட்பது ஆகியவற்றை வெள்ள அறிகுறிகளாகச் சொல்வார்கள். அகலமான பள்ளத்தாக்கில் அவற்றைக் கண்டு மேடேறலாம். இரு கைகளையும் நீட்டினால் இரு சுவரையும் தொடும் இடத்தில் எங்கே ஏறுவீர்கள்? ஆகையால் முடிவு உள்ளே நுழையும் முன்பே எடுக்கப்பட வேண்டியது.

இன்னொரு சிறு குறிப்பு. நாரோஸ் பாதையில் ஆற்றின் ஓட்டம் வினாடிக்கு 150 கன அடியைத் தாண்டினால் பாதையை மூடிவிடுவார்கள். மேட்டூர் அணைச் செய்திகளில் ஆயிரக்கணக்கான கன அடிகளைக் கேட்டே வளர்ந்த நமக்கு 150 என்பது நகைப்பாகத் தோன்றும். சுவரிலிருந்து சுவர் வரை நீர் நிறைந்து ஓடும் ஓரிடத்தில் காலடியில் உருண்டைக் கற்களோடு நின்று பார்த்தால் நகைப்பு வராது.

மறுமொழி: நீலாம்பரி

மேலே இருவரும் எழுதாமல் விட்டது குளிர். பாலைவனம் என்றதும் நம்மில் எவருக்கும் அது நினைவுக்கு வருவதில்லை, எனக்கும் வரவில்லை.

நான்கு ஆண்டுகளுக்கு முன் ஜூன் மாதத்தில் நாங்கள் ஐவர், வெளியே நாற்பது டிகிரி செல்சியஸ் வெயில் கொளுத்திய ஒரு நாளில், ஸயனில் ஓர் இடுக்குக்குள் இறங்கினோம். வெட்சூட் வாடகைக்குக் கிடைத்தது. இந்த வெயிலில் ரப்பர் உடை எதற்கு என்று சிரித்துக்கொண்டே மறுத்தோம். உள்ளே சூரியன் ஒரு நாளும் எட்டிப்பார்க்காத குட்டைகள். மூன்றாவது குட்டையை நீந்திக் கடந்தபோதே பற்கள் தந்தியடிக்கத் தொடங்கின. அடுத்த இறக்கத்தில் என் தங்கை கீழே நீருக்குள் இறங்கி நின்றாள். இறங்கும் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கருவியைக் கயிற்றிலிருந்து கழற்ற வேண்டும். அதை ஹார்னஸோடு இணைக்கும் காராபைனர் கொக்கியின் திருகுப் பூட்டை இரண்டே சுற்றுச் சுற்றினால் போதும். விரல்கள் மடங்கவில்லை. அவள் அந்தப் பூட்டை இரு உள்ளங்கைகளுக்கும் நடுவே வைத்து, கடையும் மத்தைப்போல் உருட்டி உருட்டிப் பார்த்துக்கொண்டிருந்ததை மேலிருந்து நான் பார்த்தேன். முன்பே இறங்கியிருந்தவர் நீந்தித் திரும்பி வந்து கழற்றிவிட வேண்டியதாயிற்று. அவர் கைகளும் அந்த நிலையில் இருந்திருந்தால் என்ன நேர்ந்திருக்கும் என்பதை இன்றுவரை நாங்கள் பேசிக்கொள்வதில்லை.

குளிரில் முதலில் போவது விரல். அடுத்துப் போவது நிதானம். ஒருவர் முடிச்சைப் போட மறந்துவிட்டு, போட்டுவிட்டதாகச் சாதித்தால் அவருக்குக் குளிர் ஏறிவிட்டது என்று பொருள். தரவரிசையில் பி என்ற எழுத்தைக் கண்டால், வெளியே எவ்வளவு வெயில் என்றாலும் வெட்சூட்டை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு குவளை சூடான இனிப்புத் தேநீருக்குப் பையில் எப்போதும் இடமுண்டு. கயிற்று வேலையைக் கையுறை அணிந்து, கண்ணை மூடிக்கொண்டும் செய்யும் அளவுக்கு வீட்டிலேயே பழகிவிடுங்கள்.

ஆழம் தெரியாமல் காலை விடாதே என்பது ஊரில் உவமைக்குச் சொல்வது; இங்கே அது நேர்ப்பொருளிலேயே சட்டம். சென்ற முறை மார்பளவு இருந்த குட்டையை இடையில் வந்த வெள்ளம் மணலால் நிரப்பியிருக்கும். மேலிருந்து பார்த்தால் கலங்கல் நீரில் எதுவும் தெரியாது. குதித்துக் கணுக்காலை முறித்துக்கொண்டவர்களின் கதை ஒவ்வொரு குழுவிலும் ஒன்று இருக்கும். நாங்கள் எவ்வளவு தாழ்வான இடமாக இருந்தாலும் அமர்ந்து சறுக்கியே இறங்குகிறோம்.

மீண்டும்: புதுவழியான்

மூவருக்கும் என் மனமார்ந்த நன்றி. கயிறு குறித்துச் செம்பாறை ஐயா சொன்னது சரியே. உறையைப் பார்த்தேன், டைனமிக் என்றே அச்சிட்டிருக்கிறது. செப்டம்பர் திட்டத்தைக் கைவிட்டுவிட்டோம். இரண்டு ஐயங்கள் எஞ்சுகின்றன. கயிற்றை உருவும்போது அது மேலே எங்காவது சிக்கிக்கொண்டால் என்ன செய்வது? மேலும், தங்கும் செலவு, கட்டணம் எல்லாம் சேர்த்தால் பயிற்சி வகுப்புக்குப் பெரிய தொகை ஆகிறது. அனுபவமுள்ள ஒருவருடன் சேர்ந்து சென்றே கற்றுக்கொள்ள முடியாதா?

மறுமொழி: ஒற்றையடி

முடியும். நான் வகுப்பு எதற்கும் சென்றதில்லை. ஊர்ப் பூங்கா ஒன்றில் மரத்தில் பட்டை கட்டி, தரையில் நின்றபடியே கயிறு கோத்து, கருவியில் பூட்டி, கழற்றி, உருவி, மீண்டும் கோத்து என்று ஒரு குளிர்காலம் முழுவதும் ஒரு மூத்தவரிடம் பழகினேன். பத்தடி மேட்டில் ஏற அவர் மார்ச் மாதம் வரை என்னை விடவில்லை. காசு கொடுத்து இரண்டு நாளில் கற்பதைவிட இது மேல் என்பது என் எண்ணம்.

மறுமொழி: செம்பாறை

ஒற்றையடி சொல்வதில் எனக்குப் பாதி உடன்பாடு. அவருக்குக் கிடைத்தது போன்ற மூத்தவர் கிடைத்தால் வகுப்பே வேண்டாம். ஆனால் 'அனுபவமுள்ளவர்' என்று தம்மைச் சொல்லிக்கொள்பவரின் அனுபவத்தைப் புதியவர் எந்த அளவுகோலால் அளப்பார்? பத்து முறை தவறாகச் செய்தும் ஒன்றும் நேராமல் தப்பியவர் அதையே முறை என்று கற்றுத்தருவார். முதல் இரண்டு நாள்கள் வகுப்பு, பிறகு மூத்தவர் துணை என்பதே என் பரிந்துரை. நால்வர் சேர்ந்து ஒரே வகுப்பாகப் பேசினால் கட்டணமும் ஓரளவு குறையும்.

கயிறு சிக்குவதைப் பற்றிய கேள்வி அருமையானது. அதற்கு என் சொந்தப் பிழை ஒன்றையே விடையாகத் தருகிறேன். யூட்டாவின் ராபர்ஸ் ரூஸ்ட் பகுதியில் ஏறத்தாழ அறுபதடி இறக்கம். ஒரு புறக் கயிற்றை வளையத்தில் தடுத்து நிறுத்தி, அந்த ஒற்றைப் புரியிலேயே அனைவரும் இறங்கினோம். கடைசியாக இறங்கியவன் நான். மறுபுறத்தை இழுத்தோம், இரண்டடி வந்தது, நின்றுவிட்டது. தடுப்பாகப் போட்டிருந்த முடிச்சு விளிம்பில் இருந்த ஒரு பள்ளத்தில் போய் அமர்ந்துகொண்டது. பலர் கயிறு உருவி உருவி மணற்கல்லில் ஏற்படும் விரல் தடிமனான வரிப்பள்ளம் அது. கிணற்றின் விளிம்புக் கல்லில் கயிறு பதிந்த தடம்போல் இருக்கும். நால்வர் சேர்ந்து இழுத்தோம். இழுக்க இழுக்க இறுகியது. கடைசியில் கயிற்றை அலைபோல் சொடுக்கி, இடம் மாறி மாறி நின்று ஒரு மணி நேரம் போராடிய பிறகு தானாக விடுபட்டது. அது விடுபடாமல் போயிருந்தால், கைக்கு எட்டிய வரை கயிற்றை அறுத்து எடுத்துக்கொண்டு, அடுத்த இறக்கத்துக்கு அது போதுமா என்று வேண்டிக்கொண்டே நடந்திருப்போம். சிக்கிய கயிற்றின் மீது ஏறிப் பார்ப்பது மட்டும் கூடவே கூடாது. அது எதில் சிக்கியிருக்கிறது என்பது கீழே நிற்பவருக்குத் தெரியாது.

அன்றிலிருந்து நாங்கள் செய்வது இதுதான். கடைசி ஆள் மேலே இருக்கும்போதே கீழிருந்து சில அடி இழுத்துப் பார்ப்போம். ஓடவில்லையென்றால் அவர் வளையத்தை விளிம்புக்கு அப்பால் வரும்படி பட்டையை நீட்டிக் கட்டுவார். இதனால் கயிறு பாறையை உரசுவதும் குறையும், அடுத்து வருபவருக்கு அந்தப் பள்ளமும் ஆழமாகாது. ஒவ்வொரு குழுவும் தேவைக்கு மேல் இன்னொரு கயிற்றையும் கொண்டுசெல்ல வேண்டும் என்பதற்கும் இதுவே காரணம்.

இறங்குபவர்களின் வரிசையைப் பற்றியும் ஒரு சொல். முதலில் இறங்குபவருக்குக் கீழே ஒருவரும் இல்லை. அவருக்குப் பின் வருபவர்கள் கையை நழுவவிட்டால், கீழே நிற்பவர் கயிற்றை இறுக இழுத்து அவர்களை நிறுத்திவிடலாம். முதல் ஆளுக்கு அந்த உதவி கிடையாது. ஆகவே முதல் ஆளும் கடைசி ஆளும் குழுவில் தேர்ந்தவர்களாக இருக்க வேண்டும், புதியவர்கள் நடுவில். அருவி இரைச்சலில் குரல் எடுபடாது என்பதால், எத்தனை ஊதல் ஊதினால் 'நில்', எத்தனை ஊதினால் 'கயிற்றிலிருந்து விலகிவிட்டேன்' என்று காரை விட்டு இறங்கும் முன்பே பேசி வைத்துக்கொள்ளுங்கள். குழுவுக்குக் குழு இது மாறும். உள்ளே போய் ஒப்பிட்டுப் பார்க்க நேரமிருக்காது.

மறுமொழி: கார்முகில்

இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அந்த இடங்களில் கைப்பேசிக்குச் சமிக்ஞை கிடைக்காது. 2003 ஏப்ரலில் யூட்டாவின் புளூஜான் இடுக்கில் ஆரன் ரால்ஸ்டன் என்பவரின் வலது கையை ஏறத்தாழ 360 கிலோ எடையுள்ள ஒரு பாறை சுவரோடு நசுக்கிப் பிடித்துக்கொண்டது. ஐந்து நாள்களுக்குப் பிறகு தம் முன்கையைத் தாமே அறுத்துக்கொண்டு அவர் வெளியேறிய செய்தி உலகெங்கும் பேசப்பட்டது. அவர் தேர்ந்த மலையேறி. எங்கே போகிறார் என்பதை ஒருவரிடமும் சொல்லாமல் போனதுதான் அவருடைய பிழை. இடுக்கின் பெயர், காரை நிறுத்தும் இடம், திரும்பும் நேரம், எத்தனை மணி வரை தகவல் இல்லையென்றால் யாரை அழைப்பது ஆகிய நான்கையும் எழுதி வீட்டில் கொடுத்துவிட்டுப் புறப்படுங்கள். குடும்பத்தார் அஞ்சுவார்களே என்று மறைப்பவர்கள் நம்மில் அதிகம் என்பதால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

மீண்டும்: புதுவழியான்

ஐயாவுக்கும் சகோதரிக்கும் மற்ற இருவருக்கும் நன்றி. வீட்டில் பேசி முடிவெடுத்துவிட்டோம். வரும் வசந்தத்தில் மோவாப் அருகே நால்வரும் இரண்டு நாள் வகுப்பில் சேர்கிறோம். அதற்கு முன்பாக அக்டோபரில் கயிறே தேவைப்படாத ஓர் இடுக்கைக் குடும்பத்துடன் பார்த்துவர எண்ணம். சான் ரஃபேல் ஸ்வெல் பகுதியில் உள்ள லிட்டில் வைல்ட் ஹார்ஸ் இடுக்குக்கு என் பதினோரு வயது மகளை அழைத்துச் செல்லலாமா?

மறுமொழி: நீலாம்பரி

தாராளமாக அழைத்துச் செல்லுங்கள். நான் என் அக்காள் பிள்ளைகளை இருமுறை அழைத்துச் சென்றிருக்கிறேன். கோப்ளின் வேலி பூங்காவுக்கு அருகில், பெல் இடுக்கையும் சேர்த்து ஒரு சுற்றாக நடந்தால் ஏறத்தாழ எட்டு மைல். குழந்தைக்கு அது நீளம் என்று தோன்றினால் சுற்றை முடிக்க வேண்டியதில்லை. இடுக்கின் அழகான பகுதி தொடக்கத்திலேயே வந்துவிடும், பார்த்துவிட்டு வந்த வழியே திரும்பிவிடலாம். கயிறு உருவாத நாளுக்குரிய வசதி அது.

அக்டோபர் என்றாலும் முந்தைய மாலையும் அன்று காலையும் வானிலை அறிவிப்பைப் பாருங்கள். வழியில் தண்ணீர் கிடைக்காது. ஆளுக்கு மூன்று நான்கு லிட்டர் எடுத்துச் செல்லுங்கள். முன்பு மழை பெய்திருந்தால் உள்ளே கணுக்கால் முதல் முழங்கால் வரை சேற்றுநீர் தேங்கியிருக்கும் என்பதால் மாற்றுக் காலணியைக் காரிலேயே வைத்துவிடுங்கள். கார் நிறுத்துமிடத்தைச் சுற்றிலும் பாதையை விட்டு விலகினால், கரிந்த ரொட்டித் தோல்போல் கருத்துப் பொருக்கு விட்ட மண்ணைக் காண்பீர்கள். அது உயிருள்ள மண். ஒரு மிதி பட்டால் தேற ஆண்டுக்கணக்கில் ஆகும். மகளிடம் முன்கூட்டியே சொல்லிவையுங்கள், பெரியவர்களைவிடப் பிள்ளைகள் அதைக் கவனமாகக் காப்பாற்றுவார்கள்.

சில இடங்களில் பக்கவாட்டில் திரும்பித்தான் நுழைய முடியும். அங்கே முதுகுப்பையைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொள்ளுங்கள். அவளை முன்னே விடுங்கள். உங்களுக்குச் சிக்கும் இடத்தில் அவள் ஓடிக் கடந்துவிட்டு, மறுபுறத்திலிருந்து உங்கள் பையை வாங்கிக்கொள்வாள்.